ஒன்றாம் பிளாட்பாரம் எது?

மொத்தமே பதினொரு நொடிதான். அதை ஏழாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார் துப்பறிவாளர் குனியேதா.

முதலில் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம், "ஏங்க, நான் ஒண்ணாம் நம்பருக்கு அடியில இருக்கேன்... வெளியில அடைச்சிட்டாங்க... தண்ணி ஏறு..." அதோடு அறுந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடட்டுமா சார்?" என்றார் மாபுச்சி. கைபேசியை அவர் பக்கம் நீட்டினார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். வெள்ளை அங்கியைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தார். அங்கியின் தோளில் யாருடைய நரைமுடியோ ஒட்டியிருந்தது.

"வேணாம். எட்டு அம்பத்தொண்ணுக்குப் பதிவாகியிருக்கு. நீங்க எப்பக் கேட்டீங்க?"

"ஒன்பதரைக்கு." மாபுச்சி அங்கியில் கையைத் துடைத்தார். "போன் அடிச்சப்ப கையெல்லாம் சோப்பு நுரை. ஒரு பெரியவருக்கு ஷேவ் பண்ணிட்டிருந்தேன். அப்புறமா எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன் சார். விட்டுட்டேன்."

சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது.

மாபுச்சியின் மனைவி ரிஹோ நகர நூலகத்தில் வேலை பார்ப்பவள். அலுவலக ஜன்னலுக்கு எதிரே தெரிகிற இஷிவாதா ரயில் நிலையத்துக்கு இந்த வருடம் நூறு வயது. அதற்காக ஒரு சரித்திரப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தாள். நிலையத்தின் அடியில் மூடிக் கிடக்கும் பழைய சுரங்கப்பாதையை இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கான்கிரீட் கலவை ஊற்றி நிரப்பப் போகிறார்கள். அதற்குள் கடைசியாகச் சில படங்கள் எடுத்துவிடுகிறேன் என்று ஏழரை மணிக்குக் கிளம்பியவள்தான். நிலையத்தில் போய்க் கேட்டால், 'மேஸ்திரி பார்த்துவிட்டார், உள்ளே யாரும் இல்லை' என்றார்கள். போலீசில், 'சாயங்காலம் வரை பாருங்கள்' என்றார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் பார்த்தா சிலைதான் கிடைக்கும்," என்றாள் ஃபுகிகோ, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே. பன்னிரண்டு வருடம் டாக்சி ஓட்டியவள். குனியேதாவிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் அந்த வாய் மட்டும் மீட்டர் போட்ட மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். மாபுச்சியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க. பயந்தா எனக்கு இப்படித்தான் வரும்."

குனியேதா ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார். ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். குடை, பல்செட், ஒருமுறை யாரோ மறந்துவிட்டுப் போன அஸ்திக் கலசம். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரரைத் தேடிக் கொடுத்திருக்கிறார். ஆனால் குடையும் பல்செட்டும் மூச்சு விடுவதில்லை. அவற்றுக்கு அவகாசம் உண்டு.

* * *

இஷிவாதாவில் இரண்டு நடைமேடைகள், நான்கு தண்டவாளங்கள். வடக்கு நடைமேடையின் இரு புறமும் ஒன்றாம், இரண்டாம் பிளாட்பாரங்கள். தெற்கு நடைமேடையின் இரு புறமும் மூன்று, நான்கு. டிக்கெட் வாசலும் ஸ்டேஷன் மாஸ்டர் அறையும் வடக்கே, ஒன்றாம் பிளாட்பாரத்தை ஒட்டி இருந்தன. தினமும் நாற்பதாயிரம் பேர் ஏறி இறங்குகிற இடம். நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள், நடப்பார்கள், மறைவார்கள். ஒருத்தரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

மேஸ்திரி தொகாஷி, மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி, மாபுச்சியின் முன் இடுப்பு வரை குனிந்து நின்றான். ஐம்பது வயது. வெயிலில் காய்ந்த முகம்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஒண்ணாம் பிளாட்பாரத்துக்கு அடியிலதானே? வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். காலையில உள்ள போய் மூலை முடுக்கு விடாம பார்த்தேன். இருந்தாலும் உங்க மனசு கேக்காது இல்ல?"

ஒன்றாம் பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. தொகாஷி திறந்து விளக்கைப் போட்டான். குனியேதாதான் முதலில் நுழைந்தார். முகத்தில் ஏதோ ஒட்டியது. கையால் வழித்துவிட்டுப் படியிறங்கினார்.

கீழே ஒரு நீண்ட அறை. மின்கம்பிகள், பழைய பெஞ்சுகள், பனிக்காலத்தில் தூவுகிற உப்பு மூட்டைகள். தரை காய்ந்து கிடந்தது.

"ரிஹோ!" என்று மாபுச்சி கத்தினார். சுவர் அந்தப் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. மறுபடி கத்தினார். மூட்டைகளைப் புரட்டினார். ஒரு ஆள் ஒளியவே முடியாத பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஃபுகிகோ அவர் கையைப் பிடித்து மெதுவாக வெளியே அழைத்து வந்தாள்.

"அவ்வளவுதாங்க," என்றான் தொகாஷி. "பழைய சுரங்கப்பாதையில மிச்சம் இருக்கிறது இந்த ரூம்தான். இதை விட்டா வேற ரூமே கிடையாது. போன்ல சொன்னது சரியா கேட்டிருக்காது. எனக்கு வேலை இருக்கு, வரட்டுங்களா?" மறுபடி குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான்.

மணி பதினொன்று பதினெட்டு.

"எவ்வளவு பணிவு பாருங்க சார்," என்றாள் ஃபுகிகோ. "என் டாக்சியில ஏறினவங்கள்ல இவ்வளவு குனிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் காசு குடுக்காம இறங்கி ஓடிட்டான். ஐயே, மூஞ்சியில என்ன சார்? ஒட்டடை!"

குனியேதா கன்னத்தைத் தடவினார். விரலில் சிலந்தி வலை. அப்படியே நின்றுவிட்டார்.

"ஃபுகிகோ, இந்த வலை அந்த வாசல்ல குறுக்க இருந்துச்சு. ஒரு பக்கம் தொட்டு மறு பக்கம் வரைக்கும்."

"அதுக்கென்ன? சிலந்தி வேலை பார்க்குது. நம்மள மாதிரி."

"காலையில உள்ள போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன்னான். எப்படிப் போனான்? வலைக்கு அடியில தவழ்ந்தா?"

ஃபுகிகோவின் சிரிப்பு நின்றது. "உள்ளயே போகலை."

"பொய் சொல்றவன் சும்மா பொய் சொல்ல மாட்டான். நம்ம நேரத்தைத் தின்னுறதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்திருக்கான். அவ வேற எங்கயோ இருக்கா. அது அவனுக்குத் தெரியும்."

"எங்க?" என்று மாபுச்சி அவர் சட்டையைப் பிடித்தார். "எங்க சார்? சொல்லுங்க!"



* * *

வேறு வழி தெரியாமல் மேம்பாலம் ஏறித் தெற்கு நடைமேடைக்குப் போனார்கள். காற்றுத் துவாரமோ மூடியோ ஏதாவது கண்ணில் படாதா என்று குனியேதா தரையைப் பார்த்தபடியே நடந்தார். முந்தாநாள் அடித்த புயல் மழையில் நனைந்த தளம் இன்னும் பாதி ஈரமாக இருந்தது. வேலி தாண்டி ஆறு கலங்கல் நிறத்தில் கரை முட்டி ஓடியது.

பாதி வழியில் மாபுச்சி நின்றுவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபுகிகோ மூன்றாம் தண்டவாளத்தின் ஓரமாக இருந்த சோபா நூடுல்ஸ் கடைக்கு ஓடினாள். நின்றபடியே நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு ரயில் பிடிக்கிற கடை.

"ஐயா, ஒரு டம்ளர் தண்ணி!" என்றவள் தலைக்கு மேல் தொங்கிய நீலத் துணித் திரையைப் பார்த்தாள். வெள்ளை எழுத்தில், 'இரண்டாம் பிளாட்பாரம் சோபா' என்றிருந்தது.

"என்னங்க இது, உங்க சோபாவுக்குக் கால் முளைச்சிடுச்சா? இது மூணாம் பிளாட்பாரம் ஆச்சே!"

கடைக்காரர் தண்ணீரை நீட்டினார். இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டுச் சலித்த முகம். "கடை நகரலம்மா. நம்பர்தான் நகந்துச்சு. எங்க அப்பா கடை போட்டப்ப இது ரெண்டாம் பிளாட்பாரம்தான். பேரை மாத்தினா வாடிக்கை போயிடும்னு மாத்தலை."

பத்தடி தள்ளி நின்ற குனியேதா திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டாம் பிளாட்..."

"அப்ப ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் எங்க இருந்துச்சு?"

"இந்தப் பக்கம்தான், ஆத்தோரமா. ஆத்துல ஜல்லி அள்ளி நகரத்துக்கு அனுப்பத்தானே இந்த லைனையே போட்டாங்க. அப்புறம் மேட்டுல அடுக்குமாடி வீடுங்க வந்துச்சு. ஜனமெல்லாம் வடக்கே வந்து இறங்க ஆரம்பிச்சதும் ஆபீசையும் அங்க தூக்கிட்டாங்க."

குனியேதா நெற்றியில் அறைந்துகொண்டார். "பத்தொன்பது வருஷம் ரயில்வேயில குப்பை கொட்டியிருக்கேன்! பிளாட்பாரத்தை ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல இருந்துதான் எண்ணுவாங்க. ரூம் அந்தப் பக்கம் போனா எண்ணும் தலைகீழாத் திரும்பும். ரெண்டு மூணாச்சு. ஒண்ணு..."

"நாலாச்சு," என்றாள் ஃபுகிகோ மெதுவாக.

"ரிஹோ ஆறு மாசமா பழைய வரைபடத்தோடயே குடித்தனம் பண்ணியிருக்கா. அந்தச் சுரங்கப்பாதைச் சுவத்துலயும் பழைய நம்பர்தான் இருந்திருக்கும். அவ சொன்ன ஒண்ணு, இதோ நம்ம காலடியில இருக்கிற நாலு!"

மூவரும் நான்காம் தண்டவாளத்தை ஒட்டி ஓடினார்கள். நடைமேடையின் கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கம், சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு கலவை லாரி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பலகை: 'பழைய ஒன்றாம் பிளாட்பாரச் சுரங்கப்பாதை நிரப்பும் பணி. பொறுப்பு: தொகாஷி.'

"தன் வேலைக்குப் பேரே ஒண்ணாம் பிளாட்பாரம்," என்றார் குனியேதா. "நாம கேட்டப்ப அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. நேரா எதிர்ப்பக்கம் கூட்டிட்டுப் போனான்."

அந்த நேரத்தில்தான் லாரியின் பம்பு உறுமியது. தடித்த குழாய் பாம்பு மாதிரி ஒருமுறை துள்ளி, பள்ளத்தின் படிக்கட்டுக்குள் நீண்டு அதிரத் தொடங்கியது.

மணி பதினொன்று முப்பத்தாறு. பன்னிரண்டு வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை.

"நிறுத்துங்கடா!" என்று மாபுச்சி வேலியைப் பிடித்து உலுக்கினார். பம்பு இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. மேம்பாலம் ஏறி, தெற்கு வாசல் வழியாக இறங்கிச் சுற்றிப் போக ஆறு நிமிடம் ஆகும். ஆறு நிமிடக் கலவை என்றால் ஆள் உயரம்.

குனியேதாவின் கண் தூணில் போய் நின்றது. சிவப்பு நிறத்தில் அவசரப் பொத்தான். அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் எல்லா ரயிலும் நிற்கும். அபாய மணி அடித்தால் தண்டவாளத்தின் ஓரத்தில் எந்த வேலையும் நடக்கக் கூடாது என்பது ரயில்வே விதி.

கையைக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு ரயிலை ஒரு நிமிடம் தாமதப்படுத்தியதில்லை. தப்பாகப் போனால்? உள்ளே யாரும் இல்லாவிட்டால்?

"சார், யோசிக்கிறதுக்கும் மீட்டர் ஓடுது," என்று அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி ஓங்கி அழுத்தினாள் ஃபுகிகோ.

* * *

மணி அலறியது. சிவப்பு விளக்குகள் சுழன்றன. நகரத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ரயில் தூரத்திலேயே கிறீச்சிட்டு நின்றது. கீழே பம்பு ஓட்டுகிறவன் தன் பழக்கத்தில் கையை எடுத்துவிட்டான். குழாய் தளர்ந்து படுத்தது.

இரண்டு ஊழியர்கள் ஓடி வந்து ஃபுகிகோவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் களேபரத்தில், ரயில் நின்றுவிட்ட தைரியத்தில், குனியேதாவும் மாபுச்சியும் நடைமேடை முனையின் ஊழியர் படியில் தண்டவாளத்துக்கு இறங்கி வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார் ஸ்டேஷன் மாஸ்டர் இசோபே.

"யார் நீங்க? என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா? ஏழு வண்டி நிக்குது!"

"உள்ள ஒரு பெண் இருக்கா," என்றார் குனியேதா.

"யாரும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்காரு இவரு." இசோபே தொகாஷியைக் காட்டினார். தொகாஷி படிக்கட்டின் வாயை மறைத்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் குனியவில்லை.

"பைத்தியக்காரங்க சார் இவங்க. கலவை இறுகிடும். மணியை நிறுத்தச் சொல்லுங்க, வேலையை முடிக்கணும்."

இசோபே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய வாக்கி டாக்கியை எடுத்தார். "மணியை நிறுத்துங்க. ரெண்டு நிமிஷத்துல வண்டிகளை விட்டுடுங்க."

மணி நின்றது. ரயில்கள் ஓடவில்லை, பம்பு ஓடவில்லை. இஷிவாதாவில் பட்டப்பகலில் அப்படியொரு நிசப்தத்தை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆற்றின் சலசலப்பு மட்டும் கேட்டது.

அப்போது, டொக்.

மறுபடி, டொக் டொக்.

மாபுச்சி தொகாஷியைத் தள்ளிக்கொண்டு படியில் பாய்ந்தார். படிகளின் அடியில் பாதையை அடைத்து இரும்புத் தகடுகளை வரிசையாகப் போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். தகடுகளின் இடுக்கில் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தலை உயரத்தில், குழாய் நுழைவதற்காக ஒரு வட்ட ஓட்டை. குனியேதா குழாயைப் பிடுங்கி எறிந்தார். ஓட்டைக்குள்ளிருந்து சாம்பல் நிறக் கலவை வழிந்தது.

அந்தக் கலவைக்கு நடுவே நாலு விரல் வெளியே நீண்டது.

மாபுச்சி அந்த விரல்களை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தகட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்பானர்!" என்று கத்தினார் இசோபே. கலவை வண்டி ஆட்கள் ஓடினார்கள். தொகாஷி படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சத்தம் எப்பக் கேட்டுது உனக்கு?" என்றார் குனியேதா. மரியாதை போய்விட்டிருந்தது.

"ஒன்பது மணிக்கு." தொகாஷி ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உள்ள பார்க்காமலே தகட்டை அடிச்சிட்டேன். சத்தம் கேட்டப்ப எலின்னு நெனச்சேன். இல்ல... எலின்னு சொல்லிக்கிட்டேன். திறந்தா சுவரைப் பார்த்திடுவாங்க. போன மாசம் தோண்டுறப்ப மழைத்தண்ணி வடிகாலை உடைச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. கலவை ஊத்திட்டா எல்லாம் மூடிக்கும்னு..."

குனியேதாவுக்கு ஏதோ உறைத்தது. "சுவருக்கு என்ன?"

பதில் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது. தண்ணீர் குடித்துக் கம்மிப்போன குரல்.

"ரயிலை விடாதீங்க."

"ரிஹோ! பேசாத, இதோ திறக்கிறாங்க," என்றார் மாபுச்சி.

"நான் இருப்பேங்க. ரயிலை விடாதீங்க! பக்கத்துச் சுவரு விழுந்துடுச்சு. மண்ணும் ஜல்லியும் தண்ணியோட உள்ள வந்துக்கிட்டே இருக்கு. மேல தண்டவாளத்துக்கு அடியில வெளிச்சம் தெரியுது. அங்க ஒண்ணுமே இல்ல!"

இசோபேயின் முகம் வெளிறிப்போனது. வாக்கி டாக்கியை அழுத்தினார். "எல்லா வண்டியையும் நிறுத்து! நிறுத்து!" கரகரப்புதான் பதிலாக வந்தது. படிக்கட்டின் அடியில் அலை எடுக்கவில்லை. மேலே நான்காம் தண்டவாளத்தில், தூரத்தில் நின்றிருந்த அந்த விரைவு வண்டி மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. பத்துப் பெட்டி. ஜன்னல்தோறும் தலைகள்.

குனியேதா படிகளில் ஏறி ஓடினார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, ஐம்பத்தாறு வயது நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"ஃபுகிகோ! மறுபடி அமுக்கு!"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு ஊழியரின் காலை மிதித்தாள், இன்னொருவர் கையைக் கடித்தாள், பொத்தான் மேல் விழுந்தாள்.

பிரேக் சத்தம் காதைக் கிழித்தது. வண்டியின் மூக்கு முன்னால், முன்னால், இன்னும் முன்னால் வந்து, ஒரு உதறலோடு நின்றது.

* * *

பன்னிரண்டேகாலுக்கு ரிஹோவை வெளியே எடுத்தார்கள். மார்பு வரை தண்ணீர், அதற்கு மேல் சாம்பல் பூச்சு, நகங்களில் ரத்தம். இடிந்த சுவரின் கற்குவியல் மேல் மூன்று மணி நேரத்துக்கு மேலாக நுனிக்காலில் நின்றிருக்கிறாள். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் மாபுச்சி கையை விடவில்லை. தொகாஷியைக் கூட்டிப் போக வந்த போலீஸ்காரர்கள், ஆம்புலன்ஸ் நகரும் வரை அவனை ஓரமாக நிறுத்தி வைத்தார்கள்.

இசோபே தண்டவாளத்தில் இறங்கினார். நின்ற வண்டிக்கு முன்னால் இருபது அடி தூரத்தில் கைப்பிடி அளவு கல் ஒன்றை எடுத்து இரண்டு ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே போட்டார். கல் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்தான் கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

வண்டியிலிருந்தவர்களை ஏணி வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், பொத்தானுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த ஃபுகிகோவிடம் நின்றார்.

"ஏம்மா, எவன் அமுக்கினான் இதை, தெரியுமா?"

"நான்தான்."

"என் பொண்ணுக்கு ரெண்டு மணிக்குக் கல்யாணப் பதிவு. இப்ப நான் எப்படிப் போய்ச் சேருவேன்? சொல்லு!"

ஃபுகிகோ வாயைத் திறந்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. அவர் தலைக்குப் பின்னால், கல் விழுந்த இடத்தை ஆட்கள் கயிறு கட்டி வளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரின் கழுத்தில் புது வெள்ளை டை. அவசரத்தில் கோணலாகக் கட்டியிருந்தார்.

அவள் எழுந்து, அந்த டையை நேராக்கினாள்.

"தெற்கு வாசல்ல டாக்சி நிக்கும்," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். அவர் பயந்துபோய் நாலு அடி பின்வாங்கி, திரும்பி, வாசலை நோக்கி வேகமாக நடந்தார்.